ஆர்.சி. ரிக்கில் தங்கம் தேடும்போது லேப் தரும் எண் ஏன் இப்படி வருகிறது?

ஒரு பவுன் என்றால் 8 கிராம். டன்னுக்கு 0.6 கிராம் தங்கம் உள்ள பாறையிலிருந்து அந்த ஒரு பவுனை எடுக்க 13 டன்னுக்கு மேல் உடைத்து அரைக்க வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவில், பெர்த் நகருக்குத் தென்கிழக்கே சுமார் 130 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பாடிங்டன் சுரங்கம் ஏறக்குறைய இந்தத் தரத்தில்தான் ஓடுகிறது. 1987-இல் மேலே கிடந்த செம்புறாங்கல்லைத் தோண்டி ஆரம்பித்தார்கள். 2001-இல் நிறுத்தினார்கள். அடியில் இருக்கும் கடினப் பாறையை நம்பி 2009-இல் மறுபடி திறந்தார்கள். கோலாரில் தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக 3 கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கி எடுத்தது ஒல்லியான, தரம் மிகுந்த நரம்பு. அது வேறு தொழில். இங்கே பாறை மலையளவு, தங்கம் துளியளவு.

துளி என்பதால்தான் தொல்லை. பையில் விழும் மேல்மண், சாய்ந்து நிற்கும் ஸ்ப்ளிட்டர் (தூளைப் பங்கு பிரிக்கும் கருவி), லேப் அரவை இயந்திரத்தில் ஒட்டிய முந்தைய மாதிரி என ஒவ்வொன்றும் உண்டாக்கும் பிழை, நாம் தேடும் தங்கத்தின் அளவுக்கே இருக்கும். மேற்கு ஆஸ்திரேலியாவின் தங்கச் சுரங்க ஊரான கால்கூர்லி பக்கம் ரிக் அடியில் நின்ற வருடங்களில் என்னை அதிகம் ஏமாற்றியவற்றை முதலில் வைத்து எழுதுகிறேன். உங்கள் துளையில் எந்த அறிகுறி தெரிகிறதோ அங்கே நேராகப் போய்விடலாம்.

அதற்கு முன் ஆர்.சி. (ரிவர்ஸ் சர்க்குலேஷன்) என்ற துளையிடும் முறை பற்றி இரண்டு வரி. திருச்செங்கோட்டு ரிக் லாரி ஊருக்குள் வந்து போர் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். காற்று ராடுக்குள் இறங்கி ஹேமரை அடிக்கும். உடைந்த தூள் ராடுக்கு வெளியே, துளைச் சுவரை உரசிக்கொண்டு மேலே வரும். தண்ணீர் தேடுபவருக்கு அது போதும். தங்கம் தேடுபவருக்குப் போதாது, ஏனென்றால் 80-ஆவது மீட்டர் தூளோடு 20-ஆவது மீட்டர் மண்ணும் கலந்து வரும். ஆர்.சி.யில் ராடுக்கு இரண்டு சுவர். இரண்டுக்கும் நடுவே காற்று இறங்கும், உள்குழாய் வழியாகத் தூள் ஏறும், காற்றிலிருந்து தூளைப் பிரிக்கும் சைக்ளோனில் விழும், அடியிலுள்ள கோன் ஸ்ப்ளிட்டர் அதில் சுமார் 3 கிலோவைத் துணிப்பைக்குப் பிரித்துத் தரும். ஒரு மீட்டருக்கு ஒரு பை. காகிதத்தில் மிகச் சுத்தமான ஏற்பாடு.

அறிகுறி: ஒரு மீட்டரில் தங்கம் திடீரென ஏறி, கீழே மெதுவாகத் தேய்கிறது

64-ஆவது மீட்டரில் டன்னுக்கு 6 கிராம். அடுத்து 2.1, 1.2, 0.8, 0.7, 0.5 என்று வால் நீள்கிறது. மேல்பக்கம் கத்தியால் வெட்டியதுபோல் எல்லை, கீழ்ப்பக்கம் எல்லையே இல்லை. பார்த்தால் அகலமான தாழ்தரப் படிவு போலவே இருக்கும். எல்லோருக்கும் சந்தோஷம்.

பாறை இப்படி ஒரு பக்கம் மட்டும் மங்குவது அபூர்வம். உங்கள் ஹேமர் தாண்டி வந்த தங்கம் கீழே உதிர்ந்துகொண்டிருக்கிறது என்பதற்கே வாய்ப்பு அதிகம். தங்கத்தின் அடர்த்தி சாதாரணப் பாறையைப்போல ஏழு மடங்கு. துளையின் அடியில், ராடு மூட்டுகளில், ஹோஸ் வளைவில், சைக்ளோன் சுவரில் எங்கே இடம் கிடைத்தாலும் தங்கிக்கொண்டு, தவணை முறையில் வெளியே வரும்.

இதை உறுதிப்படுத்த ஒரு சோதனை உண்டு. எண்களை ஆழத்துக்கு எதிராக வரைந்து, ராடு மாற்றிய ஆழங்களில் கோடு போடுங்கள். ராடு 6 மீட்டர் நீளம் என்றால் ஆறு ஆறு மீட்டருக்கு ஒரு துடிப்பு தெரிகிறதா? ராடு மாற்றும்போது காற்றை நிறுத்துவார்கள். அந்த இரண்டு நிமிடத்தில் தண்ணீர் ஊறும், சுவர் உதிரும், மேலே உள்ள தங்கம் அடிக்கு இறங்கும். புதிய ராடின் முதல் மீட்டர் அந்தக் குப்பையோடுதான் வரும். நான் வேலை பார்த்த ஒரு திட்டத்தில் (கம்பெனி பெயர் வேண்டாம்) இந்த ரம்பப்பல் வடிவம் மூன்று துளைகளில் அப்பட்டமாக இருந்தது. அட்டவணையாகவே பார்த்துக்கொண்டிருந்ததால் வாரக்கணக்கில் ஒருவர் கண்ணிலும் படவில்லை. படம் வரைந்து சுவரில் ஒட்டிய அன்று பத்து நிமிடத்தில் பட்டது. ஒட்டியது நானல்ல, பயிற்சிக்கு வந்த மாணவி.

செய்ய வேண்டியது: ராடு மாற்றியதும் உடனே துளைக்காமல், ஹேமரை அடியிலிருந்து சற்றே தூக்கிக் காற்றை மட்டும் விட்டு, துளை சுத்தமாகும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள். டிரில்லர் முகம் சுளிப்பார். அவருக்கு மீட்டர் கணக்கில் காசு. காத்திருக்கும் நேரத்துக்கும் கூலி உண்டு என்று ஒப்பந்தத்தில் முன்பே எழுதியிருந்தால் சுளிக்கமாட்டார். ஒவ்வொரு ராடுக்கும் சைக்ளோனைத் திறந்து தட்டிப் பாருங்கள். ஏற்கெனவே முடிந்த துளையை இதனால் காப்பாற்ற முடியாது. அதன் பக்கத்தில், பாறையைத் தூளாக்காமல் முழு உருளையாக எடுக்கும் கோர் துளை ஒன்று போட்டுத்தான் ஒப்பிட வேண்டும். அதுவரை அந்த வாலை அறிக்கையில் சேர்க்காதீர்கள்.

அறிகுறி: பை ஈரமாக, அப்புறம் சேறாக வருகிறது

மேலே சொன்ன நோய்க்குத் தாய் இதுதான். உலர்ந்த தூள் ஸ்ப்ளிட்டரில் சமமாகப் பிரியும். ஈரத்தூள் ஒட்டும், அடைக்கும். கூழாகிவிட்டால் மெல்லிய தூள் தண்ணீரோடு ஓடிவிட, கனமானது பின்தங்கும். அப்போது நீங்கள் மாதிரி எடுக்கவில்லை, தங்கம் அலசுகிறீர்கள்.

முதலில் காற்றைப் பாருங்கள். நீர்மட்டத்துக்குக் கீழே துளையை உலர வைப்பது காற்றழுத்தம்தான். துணைக் கம்ப்ரஸரும், அழுத்தத்தைக் கூட்டும் பூஸ்டரும் களத்தில் நிற்கின்றனவா, நின்றால் ஓடுகின்றனவா? டீசல் மிச்சம் பிடிக்க பூஸ்டரை அணைத்து வைத்ததை ஒன்றுக்கு மேற்பட்ட முறை பார்த்திருக்கிறேன். அடுத்து, துளை வாயில் புழுதியோ தண்ணீரோ பீறிட்டால் காற்று வெளிப்பக்கம் தப்பிக்கிறது. வாய்க்குழாயின் அடைப்பையும், பிட்டுக்கும் அதன் மேலுள்ள வளையத்துக்கும் இடையிலான இடைவெளியையும் பாருங்கள். வளையம் தேய்ந்திருக்கும்.

மூன்று மீட்டர் தொடர்ந்து சேறாக வந்தால் நான் நிறுத்திவிடுவேன். அதே துளையில் வைர பிட்டை இறக்கி மிச்சத்தைக் கோராக எடுக்கலாம். விலை பல மடங்கு கூடும்தான். ஆனால் சேற்றில் கிடைத்த 30 மீட்டரை வைத்து வளம் கணக்கிட்டுவிட்டுப் பின்னால் அழிப்பது அதைவிடச் செலவு. எப்படியானாலும் ஒவ்வொரு பைக்கும் உலர்ந்தது, ஈரம், சேறு என்று பதிவு செய்யுங்கள். இரண்டு வருடம் கழித்து இந்தத் தரவைத் திறக்கும் ஆளுக்கு வேறு சாட்சி இருக்காது.

அறிகுறி: பை எடை ஏறி இறங்குகிறது

கணக்கு எளிது. 140 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளையில் ஒரு மீட்டர், அடர்த்தி 2.7 என்றால் சுமார் 41.5 கிலோ. மேலுள்ள இளகிய களிமண்ணுக்கு அடர்த்தி 1.8 என்று வைத்தால் 28 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. பெரிய பையைத் தராசில் வைத்துப் பார்த்தால் எவ்வளவு தொலைந்தது என்று தெரிந்துவிடும். கண்ணால் மட்டும் பார்த்து '90 சதவீதம்' என்று எழுதும் பழக்கத்தை விடுங்கள். எல்லோரும் 90 என்றுதான் எழுதுவார்கள்.

மாதிரிப்பை, அதே மீட்டரிலிருந்து பிரித்த டூப்ளிகேட் பை இரண்டின் எடையையும் ஒப்பிடுங்கள். ஒன்று 3.4, இன்னொன்று 2.2 என்று தொடர்ந்து வந்தால் ஸ்ப்ளிட்டர் சாய்ந்திருக்கிறது. ரசமட்டம் வைத்துச் சரி செய்ய ஐந்து நிமிடம்.

அறிகுறி: அதே பையைத் திரும்ப அனுப்பினால் வேறு எண் வருகிறது

முதல் முறை 0.2. மறுமுறை 1.3. லேப் மேல் கோபம் வரும். போன் பண்ணுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

3 கிலோவை அரைத்து, அதில் சிறிதளவு எடுத்து, கடைசியில் 30 கிராமைத்தான் ஈயத்தோடு உருக்குகிறார்கள். ஃபயர் அஸ்ஸே என்பது அதுதான். சில லேப்களில் 50 கிராம். 0.6 தரத்தில் அந்த 30 கிராமுக்குள் இருக்க வேண்டிய தங்கம் மொத்தம் 18 மைக்ரோகிராம். 0.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு தங்கத் துகளின் எடை சுமார் 10 மைக்ரோகிராம். ஆக, உங்கள் பாறையில் தங்கம் அந்த அளவுத் துகளாக இருந்தால் 30 கிராம் சிட்டிகை ஒன்றில் சராசரியாக இரண்டு துகள்கூட இல்லை. நிகழ்தகவுப்படி ஆறில் ஒரு சிட்டிகையில் ஒன்றுமே இருக்காது. நான்கு துகள் மாட்டிய சிட்டிகை 1.3 காட்டும். லேப் இரண்டு முறையும் சரியாகத்தான் அளந்திருக்கிறது.

நன்றாக அரைத்தால் தீராதா? முழுதாகத் தீராது. குவார்ட்ஸ் நொறுங்கும், தங்கம் தட்டையாகும். பத்தர் தட்டும் தகடு மாதிரிதான்.

வழி, அளக்கும் அளவைக் கூட்டுவது. ஒரு கிலோவைச் சல்லடையில் சலித்து, மேலே தங்கிய முரட்டுத் துகள் முழுவதையும் ஒருமுறை, கீழே விழுந்த தூளைத் தனியாக இருமுறை என்று அளக்கலாம். நேரமும் பணமும் பிடிக்கும் என்பதால் தேர்ந்தெடுத்த மாதிரிகளுக்கு மட்டும். அரை கிலோ ஜாடியை அப்படியே உயர் ஆற்றல் எக்ஸ்-கதிரில் காட்டி அளக்கும் ஃபோட்டான் அஸ்ஸே இப்போது கால்கூர்லி பக்கம் பரவலாகிவிட்டது. கரடுமுரடான தங்கத்துக்கு அது நல்லது. மாறாக, தங்கம் 0.01 மில்லிமீட்டர் அளவுக்கு நுண்ணியது என்றால் துகள் எண்ணிக்கை ஆயிரம் மடங்கு கூடிவிடும். 30 கிராமே தாராளம். அந்த நிலையிலும் டூப்ளிகேட் பொருந்தவில்லை என்றால், சரி, இப்போது லேபுக்குப் போன் பண்ணுங்கள்.

அறிகுறி: சராசரி மட்டும் அழகாக இருக்கிறது

'40 மீட்டரில் 1.0 கிராம்.' உள்ளே பாருங்கள். அதில் ஒரு மீட்டர் 30 கிராம் என்றால் மீதி 39 மீட்டரின் சராசரி 0.26தான். பெரிய படிவு என்று நீங்கள் நினைப்பது ஒரு மெல்லிய நரம்பும் அதைச் சுற்றிய வெறும் பாறையுமாக இருக்கலாம். உச்ச எண்ணுக்கு வரம்பு கட்டிவிட்டு மறுபடி சராசரி பாருங்கள்.

அறிகுறி: ஸ்டாண்டர்டு தப்புகிறது, பிளாங்க்கில் தங்கம் தெரிகிறது

தரம் தெரிந்த ஸ்டாண்டர்டு, தங்கமே இல்லாத பிளாங்க் இரண்டையும் இருபது மாதிரிக்கு ஒன்று என்ற கணக்கில் நுழைப்பது வழக்கம். ஸ்டாண்டர்டு தப்பினால் உடனே லேபைத் திட்டாமல், வந்த எண் உங்களிடமுள்ள வேறொரு ஸ்டாண்டர்டின் மதிப்போடு பொருந்துகிறதா பாருங்கள். பொருந்தினால் பாக்கெட்டை மாற்றிப் போட்டது உங்கள் ஆள். அது பரவாயில்லை. ஸ்டாண்டர்டின் எண் ஒரு வரி தள்ளி, பக்கத்து மாதிரியின் இடத்தில் வந்திருந்தால்தான் ஆபத்து: பைகளின் எண் சீட்டு வரிசை ஓரிடத்தில் நழுவியிருக்கிறது. அதற்குப் பின் வரும் ஒவ்வொரு மீட்டரும் தப்பான ஆழத்தில் உட்கார்ந்திருக்கும்.

பிளாங்க்கைக் கடமைக்கு 20, 40, 60 என்று வைக்காதீர்கள். தங்கம் இருக்கும் என்று நினைக்கும் பகுதிக்கு அடுத்த பையாக வையுங்கள். அதுவும் அரைத்த தூளாக வேண்டாம், கல்லாக இருக்கட்டும். தூளாக அனுப்பினால் நொறுக்கும் இயந்திரத்துக்குள் போகாமலே தேறிவிடும். உயர்தர மாதிரிக்குப் பின் வந்த பிளாங்க் 0.05 காட்டினால், இடையில் வெறும் குவார்ட்ஸை அரைத்துக் கழுவச் சொல்லுங்கள்.

இன்னொன்று. மோதிரத்தைக் கழற்றுங்கள். விளையாட்டில்லை. ஒரு மில்லிகிராம் தேய்ந்து 3 கிலோ பையில் விழுந்தால் 0.33 கிராம் தரம். நம் ஆட்கள் கல்யாண மோதிரத்தைக் கழற்றச் சொன்னால் யோசிப்பார்கள். நானும் யோசித்தேன். கடைசியில் கேம்ப் அலமாரியில் விபூதி டப்பாவுக்குள் வைத்துவிட்டுத்தான் ரிக்குக்குப் போனேன்.

அறிகுறி: ஒரு துளை முழுக்கத் தங்கம், பக்கத்துத் துளையில் ஒன்றுமில்லை

இரண்டு காரணம் பொதுவானது. ஒன்று, நரம்பு சரியும் திசையிலேயே நீங்களும் துளைத்திருக்கிறீர்கள். துளைக்கும் அடுக்குக்கும் இடையே கோணம் 10 பாகை என்றால், 10 மீட்டர் அடுக்கு துளையில் 58 மீட்டராகத் தெரியும். எதிர்ப்பக்கத்திலிருந்து கத்தரிபோல் ஒரு துளை போட்டால் உண்மை வெளிவந்துவிடும். திசை குறித்த கோர் ஒன்று கையில் இருந்தால் இன்னும் நல்லது; அடுக்கின் கோணத்தை அதிலேயே அளந்துவிடலாம்.

இரண்டாவது, துளை நீங்கள் நினைத்த இடத்தில் இல்லை. 200 மீட்டர் துளை தொடக்கத்திலிருந்தே 5 பாகை விலகினால் அடிமுனை 17 மீட்டர் தள்ளி நிற்கும். துளைகளை 25 மீட்டர் இடைவெளியில் போடும் இடத்தில் அது பெரிய தூரம். காந்த ஊசிக் கருவி இரும்பு ராடுக்குள்ளும் காந்தக்கல் நிறைந்த பாறையிலும் பொய் சொல்லும். காந்தத்தை நம்பாத கைரோ கருவியை இறக்கி அளந்துகொள்ளுங்கள்.

அறிகுறி: முதல் 30 மீட்டர் காலி

நிறுத்திவிடாதீர்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் இந்தப் பழம்பாறைப் பகுதியில் உப்புநீர் தங்கத்தைக் கரைத்து எடுத்துப் போயிருக்கும். மேலே செம்புறாங்கல்லில் கொஞ்சம், நடுவே வெள்ளைக் களிமண்ணில் ஒன்றுமில்லை, இன்னும் கீழே மறுபடி படிந்த தங்கம், அதற்கும் கீழே மூலப்பாறை. நடுவிலுள்ள களிமண்ணிலேயே துளையை முடித்துவிட்டு 'இங்கே இல்லை' என்று எழுதிய பழைய அறிக்கைகள் எத்தனையோ. தலைகீழாகவும் நடக்கும்: மேலே இருக்கும், அடியில் வேரே இருக்காது.

அறிகுறி: லேப் தங்கம் என்கிறது, கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை

பயப்பட வேண்டாம். அமெரிக்காவின் நெவாடாவில் ஜான் லிவர்மோரும் ஆலன் கூப்பும் 1961-இல் கண்டுபிடித்த கார்லின் படிவில் தங்கம் ஆர்சனிக் கலந்த பைரைட்டுக்குள் ஒளிந்திருந்தது. தட்டில் அலசினால் ஒரு பொட்டும் மிஞ்சாது. 1965-இல் அங்கே சுரங்கம் ஓடத் தொடங்கியது.

ஆனால் அப்படிப்பட்ட பாறையை சயனைடில் கரைத்தும் ஒருமுறை அளந்துவிடுங்கள். ஃபயர் அஸ்ஸே 1.0 சொல்லி, சயனைடு 0.4 சொன்னால், மீதி பைரைட்டுக்குள் அடைபட்டிருக்கலாம். அல்லது பாறையிலுள்ள கரி, கரைந்த தங்கத்தைத் திரும்ப உறிஞ்சியிருக்கலாம். இது துளையிடும் கட்டத்திலேயே தெரிந்தால் நல்லது. தாழ்தரப் படிவில் இந்த வித்தியாசமே திட்டத்தை மூடிவிடும்.

அறிகுறி: எல்லாத் துளையும் நன்றாக வருகிறது

இதற்கு நான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் கவலைப்படுவேன். இந்தோனேசியாவின் கிழக்குக் கலிமந்தானில் புசாங் என்ற இடத்தில், கனடாவின் பிரெ-எக்ஸ் நிறுவனம் 7 கோடி அவுன்சு தங்கம் இருப்பதாக அறிவித்தது. வழக்கமாகக் கோரை நீளவாக்கில் அறுத்துப் பாதியைப் பெட்டியில் வைத்திருப்பார்கள். அங்கே முழுக் கோரையும் நொறுக்கி அனுப்பினார்கள். 1997 மார்ச்சில் ஃப்ரீபோர்ட் நிறுவனம் அதே துளைகளுக்குப் பக்கத்தில் துளையிட்டபோது சொல்லும்படி தங்கம் இல்லை. மே மாதம் சுயேச்சை ஆய்வும் மாதிரிகளில் வெளித் தங்கம் கலக்கப்பட்டதை உறுதி செய்தது. பையில் கிடைத்த துகள்கள் ஆற்றுத் தங்கம்போல ஓரம் உருண்டிருந்தன. பாறையிலிருந்து நேராக வந்த துகளுக்கு அந்த உருட்டல் இருக்காது.

உங்கள் ரிக்கில் மோசடி என்று சொல்லவில்லை. ஆனால் பாதிக் கோர் பெட்டியில் இருக்கட்டும். பை கட்டியதிலிருந்து லேபில் இறங்கும்வரை யார் கையில் இருந்தது என்று எழுதி வையுங்கள். ஆர்.சி. துளைகளில் சிலவற்றுக்குப் பக்கத்திலேயே இரட்டையாக ஒரு கோர் துளை போடுங்கள். இரண்டும் மீட்டருக்கு மீட்டர் பொருந்தாது, பொருந்தவும் வேண்டாம். பத்துப் பதினைந்து ஜோடிகளில் ஆர்.சி. மட்டும் எப்போதும் மேலே நின்றால் முதல் அறிகுறிக்குத் திரும்பிப் போங்கள்.

அறிகுறி: பை உலர்ந்திருக்கிறது, எடை சரி, ஸ்டாண்டர்டு சரி, துளை நேர், ஆனாலும் 0.15

பிழை ஒன்றும் இல்லை. பாறை அப்படி. ரிக்கை அடுத்த இடத்துக்கு நகர்த்தச் சொல்லுங்கள். போகும்முன் பிளாஸ்டிக் வாய்க்குழாயைத் தரைமட்டத்துக்குக் கீழே வெட்டி, அடைப்பு வைத்து மண்ணை மூடுங்கள். திறந்து கிடந்தால் ராத்திரியில் பல்லியும் சின்ன விலங்குகளும் உள்ளே விழும்.